நெட்டே இல்லாத மெஷினுக்கு என்ன பயம்?

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்துவிட்டது என்று 2019 அக்டோபர் கடைசியில் செய்தி வந்தபோது, நாகர்கோவிலில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அண்ணாச்சி, நீங்க இந்தப் பேனல் வேலதானே பாக்கிய? அங்க ஏதாவது வெடிச்சுருமா?" அஞ்சுகிராமம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கூடங்குளம். உலை இருப்பது திருநெல்வேலி மாவட்டத்தில். பயம் மட்டும் இரண்டு மாவட்டத்துக்கும் பொது.

நடந்தது இதுதான். டிடிராக் என்ற உளவு மால்வேரின் மாதிரி ஒன்று அக்டோபர் 28 அன்று பலர் பார்வைக்கு வந்தது. அதற்குள் கூடங்குளத்தின் பெயர்ச்சுருக்கத்தோடு ஒரு கணக்கு விவரம் பதிந்திருந்தது. மறுநாள் நிலையத்தின் தரப்பில் மறுப்பு: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி நெட்வொர்க்கோடு தொடர்பில்லாதவை, அதனால் தாக்குதலுக்கு வழியே இல்லை. அதற்கு அடுத்த நாள், 30ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம் மால்வேர் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் தேதியே இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் சொல்லியிருந்ததாம். இணையத்தோடு இணைந்த நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒருவரின் கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது, உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் சொன்னார்கள்.

உலைப்பக்கம் எதுவும் ஆகவில்லை என்பதை நான் நம்புகிறேன். டிடிராக் தகவல் திருடுகிற சாதி. கீபோர்டில் தட்டுவதையும் பிரவுசர் வரலாற்றையும் அள்ளிக்கொண்டு போகும், மோட்டாரை ஓட்டாது. எனக்கு உறுத்தியது, தொடர்பு இல்லை என்பதால் வழியும் இல்லை என்று போட்ட அந்தக் கணக்குத்தான். நான் போகிற பிளாண்டுகளில் பத்துப் பேரில் ஒன்பது பேர் போடுவதும் அதே கணக்குதான்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் பிளாண்ட், ரைஸ் மில், ரப்பர் பால் கம்பெனி, குடிநீர் பம்ப் ஹவுஸ், ஆரல்வாய்மொழி காற்றாலை என்று எங்கே பேனல் கதவைத் திறந்தாலும் உள்ளே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுதான் பிஎல்சி. சென்சார் சொல்வதைக் கேட்டு, தனக்குள் எழுதிவைத்த லாஜிக்படி மோட்டாரை ஓட்டும், வால்வைத் திறக்கும், ஏதாவது கோளாறு என்றால் நிறுத்தும். அந்த லாஜிக்கை லேப்டாப்பில், அந்தந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரில்தான் எழுத வேண்டும். எழுதி முடித்தால் கையில் இருப்பது ஒரு புராஜெக்ட் ஃபைல். கேபிள் மாட்டி டவுன்லோட் கொடுத்தால் லாஜிக் பெட்டிக்குள் ஏறிவிடும். லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவோம்.

வில்லங்கம் அந்த ஃபைலில்தான். அதைத் திறக்கும்போது சாஃப்ட்வேர் உள்ளே இருப்பதைப் படித்துக் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் அடுக்குகிறது. இந்த டேக் பெயருக்கு இத்தனை எழுத்து என்ற குறிப்பும் ஃபைலிலேயே இருக்கும். கவனமாக எழுதிய சாஃப்ட்வேர் அந்தக் குறிப்பைச் சரிபார்க்கும். கவனமில்லாமல் எழுதியது, 64 எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு வந்ததையெல்லாம் கொட்டும். மடையில் அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டால் வரப்பை உடைத்து அடுத்தவன் வயலில் பாயும் அல்லவா, அப்படி மிச்சம் பக்கத்து இடத்தில் போய் விழும். அந்தப் பக்கத்து இடத்தில், இந்த வேலை முடிந்ததும் பிராசஸர் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரி இருக்கலாம். விவரம் தெரிந்தவன் அந்த முகவரியை மாற்றி, தான் ஒளித்துவைத்த கட்டளைகளைக் காட்டிவிடுவான். திரையில் வழக்கமான லேடர் லாஜிக் தெரியும், அல்லது 'எரர்' என்று ஒரு பெட்டி வந்து சாஃப்ட்வேர் மூடிக்கொள்ளும். அதற்குள் அவன் கோட் ஓடத் தொடங்கியிருக்கும், அதுவும் ஃபைலைத் திறந்தவருக்கு என்ன உரிமை உண்டோ அதே உரிமையோடு. எங்கள் தொழிலில் அநேகமாக எல்லா லேப்டாப்பிலும் எல்லாரும் அட்மின்தான்.

2025 ஏப்ரலில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, ராக்வெல் கம்பெனியின் அரீனா சாஃப்ட்வேரில் இந்த வகை ஓட்டைகள் ஒரு கொத்தாக இருப்பதாக அறிவித்தது. 16.20.08 பதிப்பு வரை பாதிப்பு, 16.20.09இல் சரிசெய்தாயிற்று. அரீனா பிஎல்சியை ஓட்டுகிற சாஃப்ட்வேர் அல்ல. ஒரு தொழிற்சாலையில் சரக்கு எப்படி நகரும், எங்கே தேங்கும் என்று ஒத்திகை பார்க்க உதவுவது. ஆனால் கோளாறு நான் சொன்ன இனம்தான்: வேண்டுமென்றே கெடுத்துவைத்த ஒரு ஃபைலைத் திறந்தால் போதும்.

இந்த மாதிரி ஓட்டைகளுக்கு 10க்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். ஃபைலைத் திறந்தால் நடக்கும் வகைக்கு, அதிகம் புழங்கும் மூன்றாம் பதிப்பு முறையில் வழக்கமாக 7.8 வரும். அதே சேதத்தை நெட்வொர்க் வழியாகவே செய்ய முடியும் என்றால் 8.8. அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒருவர் ஃபைலைத் திறக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் ஒரு மார்க் குறைகிறது. சென்னையில் ஒரு ஐடி ஆபீஸுக்கு இந்தக் கழித்தல் சரியாக இருக்கலாம். எங்கள் ஊர் பிளாண்டுக்கு நான் குறைக்க மாட்டேன். வெளியாள் கொண்டுவருகிற ஃபைலைத் திறப்பதுதான் அங்கே அன்றாட வேலை.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர். 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் ஒரு சின்ன ஆன்டிவைரஸ் கம்பெனி அதைக் கண்டுபிடித்தது. அது குறி வைத்தது ஈரானின் நதான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் நிலையத்தை. அங்கே இணையம் கிடையாது. பென்டிரைவை மாட்டி ஃபோல்டரைத் திறந்து ஐகானைப் பார்த்தாலே விண்டோஸில் அது ஓடிவிடும். மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை 2010 ஆகஸ்ட் 2 அன்று அவசரமாக அடைத்தது. இதைத்தான் பத்திரிகைகள் நிறைய எழுதின. என் போன்றவர்களைக் கலங்கடித்தது வேறு ஒன்று. சீமென்ஸின் ஸ்டெப் 7 சாஃப்ட்வேர், புராஜெக்ட்டைத் திறக்கும்போது தனக்கு வேண்டிய சில டிஎல்எல் ஃபைல்களை, அதாவது ஓடும்போது கூப்பிட்டுக்கொள்ளும் துணை ஃபைல்களை, அந்த புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளும் தேடும். ஸ்டக்ஸ்நெட் அங்கே தன்னுடைய டிஎல்எல் ஒன்றைப் போட்டுவைத்தது. சுத்தமான கம்ப்யூட்டருக்கு அந்த ஃபோல்டரைக் காப்பி எடுத்துப்போய் இன்ஜினியர் தன் கையாலேயே திறந்தால், சாஃப்ட்வேரே அதை அழைத்து உள்ளே உட்காரவைத்துவிடும். இந்த ஓட்டை 5.5 எஸ்பி1 பதிப்பில் மூடப்பட்டது. அதற்கென்று தனி எச்சரிக்கை வந்தது 2012 ஜூலையில்.

உள்ளே போனதும் அது செய்த வேலையைப் பாருங்கள். பிஎல்சியோடு பேசுகிற டிஎல்எல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன்னுடையதை வைத்தது. இன்ஜினியர் லேப்டாப்பை மாட்டி, பெட்டிக்குள் என்ன லாஜிக் இருக்கிறது என்று பார்த்தால், தான் சொருகிய பிளாக்கை மறைத்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். சென்ட்ரிஃப்யூஜ் மோட்டார்கள் 1064 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தன. அதை 1410க்கு ஏற்றியது. வேறொரு சமயம் 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கியது. பிறகு பழையபடி 1064. ஏறக்குறைய 1,000 சென்ட்ரிஃப்யூஜ்கள் கெட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நம் பக்கத்தில் ரப்பர் பாலைச் சுழற்றிக் கெட்டியாக்குகிற சென்ட்ரிஃப்யூஜ் பக்கத்தில் நின்றவர்களுக்கு, கட்டுப்பாடு இல்லாமல் வேகம் கூடினால் என்ன ஆகும் என்று விளக்கவே வேண்டாம். தரை அதிர்வதிலேயே தெரிந்துவிடும்.

ஸ்டக்ஸ்நெட் தொற்றிய கம்ப்யூட்டர்கள் எந்தெந்த நாட்டில் என்று ஆன்டிவைரஸ் கம்பெனியான சைமன்டெக் அப்போது கணக்கு எடுத்தது. ஈரான், இந்தோனேஷியா, மூன்றாவதாக இந்தியா, கிட்டத்தட்ட 10 சதவீதம். இங்கே சேதம் ஒன்றும் ஆகவில்லை. அது தேடிய மோட்டார் அமைப்பு இங்கே இல்லை. அதைவிட முக்கியமான தகவல் பின்னால் வந்தது. ஈரானில் அது முதலில் தொற்றியது ஐந்து நிறுவனங்களில். அவற்றில் பல, ஒப்பந்தத்துக்கு ஆட்டோமேஷன் வேலை செய்துகொடுப்பவை. பேனல் கட்டுகிறவன், புரோகிராம் போடுகிறவன், சர்வீஸுக்குப் போகிறவன். நிலையத்தின் கதவு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் எங்களுக்கு அதைத் திறந்துவிடத்தானே வேண்டும்?

குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் பால் கம்பெனிக்குப் போனேன். டிரைவ் ஒன்று டிரிப் ஆகிக்கொண்டே இருந்தது. ஷிப்டில் இருந்த தம்பி சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினான். "பழைய புரோகிராம் இதுல கெடக்கு அண்ணாச்சி. முன்ன வந்த சார் போட்டுத் தந்தது." நான் அதை வேலை லேப்டாப்பில் மாட்டவில்லை. பையில் எப்போதும் ஒரு பழைய லேப்டாப் உண்டு, லினக்ஸ் மட்டும் போட்டது, அதில் மாட்டினேன். கல்யாண வீட்டு வீடியோ, இரண்டு மலையாளப் படம், ஆதார் ஸ்கேன், புராஜெக்ட் ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்குள் இருக்க வேண்டாத ஒரு இஎக்ஸ்இ.

"இது எங்கேர்ந்துடே வந்துச்சு?"

"தெரியல. ஒண்ணும் ஆவாது அண்ணாச்சி, நம்ம மெஷினுக்கு நெட்டே கெடையாதுல்லா?"

அந்த இஎக்ஸ்இ சாதாரண பென்டிரைவ் வைரஸ்தான், ஸ்டக்ஸ்நெட் அல்ல. ஆனால் நெட் இல்லாத அந்த மெஷினுக்கு அது நடந்தே வந்து சேர்ந்திருக்கிறது.

அப்டேட் போட்டால் தீராதா என்று கேட்பீர்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் வாருங்கள். கணவாய்க் காற்றுக்குச் சுற்றுகிற பழைய காற்றாலைகளில் சிலவற்றின் கன்ட்ரோலரோடு பேசும் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். அதற்காகவே ஒரு லேப்டாப்பை பேட்டரி செத்த பிறகும் சார்ஜர் மாட்டி உயிரோடு வைத்திருப்பார்கள். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டது 2014இல். மே முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும் காலத்தில் மெஷினை நிறுத்து, சாஃப்ட்வேர் மாற்ற வேண்டும் என்று ஓனரிடம் சொல்லிப்பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, எங்கள் ஆட்கள் இதை வெளியில் பேசுவதில்லை. ஒரிஜினல் சாஃப்ட்வேர் விலை சின்ன கான்ட்ராக்டருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பாதிப் பேர் கையில் கிராக் வெர்ஷன். அதைப் போடுவதற்கு முதல் படி என்ன? ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்லும். முகம் தெரியாத ஒருவன் எழுதிய கோடை நாமே கதவைத் திறந்து உள்ளே விட்ட பிறகு, ஃபைலில் ஓட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கிராக் போட்டதற்கு கம்பெனி அப்டேட்டும் வராது. சாஃப்ட்வேர் கம்பெனிகளையும் சொல்ல வேண்டும்: புது பிஎல்சி விற்பதற்கு இலவசமாக புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேர் தருகிற கம்பெனிகளும் இருக்கின்றன. எல்லாரும் அதைச் செய்தால் இந்தத் திருட்டுச் சந்தை பாதி காலியாகிவிடும்.

வைரஸ் வந்தால் நம் ஊரில் செய்வது, ஃபார்மேட் அடிப்பது. அதோடு தடயமும் போச்சு. இப்படிப்பட்ட சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவு போட்டது. என் கஸ்டமர்களில் ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டதில்லை.

நான் என் அளவில் சிலது வைத்திருக்கிறேன். புரோகிராம் போடும் லேப்டாப்பில் மெயில் கிடையாது, வாட்ஸ்அப் வெப் கிடையாது. ஒவ்வொரு கஸ்டமருக்கும் தனித்தனி விர்ச்சுவல் மெஷின். வெளியிலிருந்து வந்த ஃபைலை அதற்குள் மட்டும் திறப்பேன், நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு. தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத லாகின். பிளாண்டை விட்டுக் கிளம்பும்போது பிஎல்சியில் இருக்கும் லாஜிக்கை ஒருமுறை எடுத்து, ஹேஷ் போட்டு, அதாவது அதற்குக் கைரேகை மாதிரி ஒரு எண் கணக்கிட்டு, அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுப்பேன். அடுத்து வருகிறவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்டக்ஸ்நெட் மாதிரி ஒன்று வந்தால் இந்த ஒப்பீடும் ஏமாந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் எடுத்து ஒப்பிடச் சொல்வேன்.

அப்புறம் கன்ட்ரோலரின் சாவி. 2017 ஆகஸ்டில் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கன்ட்ரோலர்கள் ஆலையைத் திடீரென்று நிறுத்தின. விசாரித்தால், இன்ஜினியர் கம்ப்யூட்டரில் டிரைட்டன் என்ற மால்வேர், அந்தக் கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேர் போலப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கன்ட்ரோலரின் சாவியை 'ரன்' நிலைக்குத் திருப்பி வைத்திருந்தால் அது புரோகிராமைத் தொட்டிருக்க முடியாது. சாவி 'புரோகிராம்' நிலையிலேயே விடப்பட்டிருந்தது.

நம் பக்கத்துப் பழைய சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சி பேனல்களிலும் சாவி உண்டு. ரன்-பி நிலையில் சாவியை உருவ முடியாது. ரன் நிலையில் உருவலாம், அப்போது புரோகிராமைப் படிக்கலாம், மாற்ற முடியாது. ஆகவே பேனலைத் திறந்ததும் சாவி அதிலேயே நின்றால் பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் வரும். நான் ரன்னுக்குத் திருப்பி, உருவி, ஓனர் கையில் கொடுப்பேன். "தொலைஞ்சு போகும் அண்ணாச்சி, அதுலயே கெடக்கட்டும்" என்பார்கள். சாவியை வாங்கிக்கொண்டதாக சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். இந்தக் கெடுபிடி பிடிக்காமல் என்னை மறுபடி கூப்பிடாதவர்களும் உண்டு.