எந்தப் பைத்தான், எந்த ஃபோல்டர்?

பைத்தானில் முதல் இணையச் செயலியை எழுத உட்காருகிறவருக்கு மொழி ஓரளவு தெரிந்தே இருக்கும். ஃப்ளாஸ்க் என்ற சட்டகத்தில் ‘வணக்கம்’ சொல்லும் செயலி ஐந்தாறு வரிதான். அதை எழுத்துப் பிசகாமல் தட்டி ஓடவிட்டால், டெர்மினலில் இருபது வரிக்கு எரர் கொட்டும். அவர் தன் நிரலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பார். அதில் எந்தத் தவறும் தென்படாது. உண்மையிலேயே அங்கே தவறு இருக்காது. கணினியில் எந்தப் பைத்தான் ஓடுகிறது, அது எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறது, எந்தக் கோப்பை எங்கே தேடுகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கும். பாடங்கள் மொழியைச் சொல்லிக்கொடுக்கின்றன. இந்த இடங்களை வரைந்து காட்டுவதில்லை. ‘கோடிங் எனக்கு வராது’ என்று விலகிப்போன பலர் தடுக்கி விழுந்தது இந்த வாசற்படியில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் எரரைப் படிக்கும் முறை. பைத்தானின் எரரைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது: என்ன வகைப் பிழை, எந்தப் பெயரால் வந்தது என்று அது சொல்லிவிடும். அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டே போனால் நடுவில் ஃப்ளாஸ்க்கைப் போன்ற இன்னொரு சட்டகமான ஜாங்கோ, ஃப்ளாஸ்க்கின் அடியில் ஓடும் வெர்க்சாய்க் போன்றவற்றின் உள்கோப்புகள் வரிசையாக வரும். அவற்றைத் தாண்டுங்கள். உங்கள் கையால் பெயர் வைத்த கோப்பு எங்கே முதலில் கண்ணில் படுகிறதோ அந்த வரி எண்ணில் நில்லுங்கள். 2022-ல் வந்த 3.11 பதிப்பிலிருந்து, அந்த வரிக்குள் எந்தத் துண்டில் பிழை என்பதையும் அடியில் குறியிட்டே பைத்தான் காட்டுகிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு கற்பவர் இந்த உதவியை வீணாக இழக்கிறார்.

அதிகம் பேரை வதைக்கும் எரர் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’. பேக்கேஜ்களை நிறுவும் பிப் மூலம் ஃப்ளாஸ்க்கை இன்ஸ்டால் செய்தாயிற்று, வெற்றி என்று செய்தியும் வந்தது. ஆனால் நிரலோ ‘ஃப்ளாஸ்க் என்று எதுவும் இல்லை’ என்கிறது. இரண்டுமே உண்மை. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது சாதாரணம்: விண்டோஸ் ஸ்டோரில் இருந்து வந்தது ஒன்று, தளத்தில் இருந்து இறக்கியது ஒன்று, அனகோண்டாவோடு வந்தது ஒன்று. பிப் ஒன்றுக்குள் வைத்ததை மற்றொன்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதனால் ‘பிப் இன்ஸ்டால்’ என்று தனியாக அடிக்காமல் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று அடிக்கும் பழக்கம் வேண்டும். எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறீர்களோ அதன் பிப்தான் அப்போது வேலை செய்யும். சந்தேகம் வந்தால் சிஸ் மாட்யூலில் உள்ள எக்ஸிகியூட்டபிள் என்ற மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானின் முழு முகவரியும் வந்து விழும். அந்த ஒரு வரி தீர்த்துவைக்கும் குழப்பங்கள் ஏராளம்.

இதற்காகவே 2012-ல் 3.3 பதிப்போடு பைத்தானுக்குள் வந்தது வென்வ். ஒவ்வொரு செயலிக்கும் அதன் ஃபோல்டருக்குள்ளேயே தனிப் பைத்தான் சூழல். இதை நிபுணர்களுக்கான வசதி என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் முதல் நாளே தேவைப்படுவது இதுதான். இப்போது லினக்ஸும் இதை வற்புறுத்துகிறது: 2023-ல் வெளிவந்த டெபியன் 12-இலும் உபுண்டு 23.04-இலும் வென்வ் இல்லாமல் பிப் ஓட்டினால், ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று மறுத்துவிடும். மறுக்கும்போதே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற ஒரு குறுக்குவழியையும் காட்டும். அந்தப் பெயரே எச்சரிக்கை, அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் வென்வை ஆக்டிவேட் செய்யப் போனால் ‘ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை’ என்று தடுக்கும். ஆக்டிவேட் செய்யாமலேயே வென்வ் ஃபோல்டரின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் உள்ள பைத்தானை முழு முகவரியோடு கூப்பிட்டால் போதும், வேலை நடக்கும். விஎஸ் கோடில் எழுதுகிறவர்கள் அது எந்தப் பைத்தானைத் தேர்ந்திருக்கிறது என்று கீழ் மூலையிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். டெர்மினலில் ஓடுவது எடிட்டரில் ஓடாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான்.

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ எரரின் உறவுக்காரச் சிக்கல் ஒன்று. ஃப்ளாஸ்க் கற்கிறோம் என்பதால் கோப்புக்கே ஃப்ளாஸ்க் என்று பெயர் வைத்துவிடுவது. பைத்தான் இறக்குமதியைத் தேடும்போது உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். அங்கே அதே பெயரில் உங்கள் கோப்பு நிற்கிறது. நிஜ ஃப்ளாஸ்க்கை விட்டுவிட்டு, தன்னைத்தானே இறக்குமதி செய்யப் பார்க்கும். ‘சர்க்குலர் இம்போர்ட்’ என்று புரியாத எரர் வரும். 3.13 பதிப்பு ‘கோப்பின் பெயரை மாற்றிப் பார்க்கலாம்’ என்று யோசனையே சொல்கிறது.

டெம்ப்ளேட் கிடைக்கவில்லை என்ற எரரும் இட விவகாரம்தான். ஃப்ளாஸ்க் எதிர்பார்க்கும் ஃபோல்டரின் பெயர் டெம்ப்ளேட்ஸ், பன்மையில். கடைசி ‘எஸ்’ விட்டுப்போனாலும் கண்டுபிடிக்காது. நோட்பேடில் சேமித்திருந்தால் கோப்பின் வாலில் ‘டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொண்டிருக்கலாம்; விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடும். ஜாங்கோவின் எரர் பக்கம் தான் தேடிப்பார்த்த எல்லா முகவரிகளையும் பட்டியலிட்டுக் காட்டும். அதைப் பொறுமையாகப் படித்தால் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

டேட்டாபேஸில் இந்த இடச் சிக்கல் இன்னும் வஞ்சகமாக வரும். எஸ்க்யூலைட்டிடம் இல்லாத ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், இல்லை என்று சொல்லாது. வெறுமையான புதுக் கோப்பை உருவாக்கித் திறந்து கொடுத்துவிடும். நேற்று ஒரு ஃபோல்டரில் நின்று ஓட்டினீர்கள், இன்று வேறொன்றில் நின்று ஓட்டுகிறீர்கள் என்றால், நேற்று சேர்த்த தரவெல்லாம் மாயமாகி ‘அப்படி ஒரு டேபிள் இல்லை’ என்று நிற்கும். தரவு எங்கும் போகவில்லை, பழைய கோப்பில் பத்திரமாக இருக்கிறது. நிரல் இருக்கும் ஃபோல்டரை வைத்து முழு முகவரியைக் கட்டிக் கொடுத்துவிட்டால் இது மறுபடி நேராது. ஜாங்கோவில் அதே எரர் வந்தால், முதலில் மைக்ரேட் கட்டளையை ஓட்டினோமா என்று பாருங்கள். மேக்மைக்ரேஷன்ஸ் ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று அடம்பிடித்தால், உங்கள் ஆப்பின் பெயர் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் விட்டுப்போயிருக்கும்.

நிரலை மாற்றினேன், பிரவுசரில் பழையதே தெரிகிறது என்பார்கள். டிபக் நிலையில் இல்லாத ஃப்ளாஸ்க் சர்வர் மாற்றங்களைத் தானாக எடுத்துக்கொள்ளாது; நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். அல்லது முன்பு மூடாமல் விட்ட டெர்மினலில் பழைய சர்வர் இன்னும் அதே போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். மேக் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: 2021-ல் வந்த மான்டரே முதல் 5000 போர்ட்டை ஏர்ப்ளே ரிசீவர் பிடித்துக்கொள்கிறது. ஃப்ளாஸ்க்கின் இயல்பான போர்ட்டும் அதுவே. ஃப்ளாஸ்க்கை 5001-க்கு மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

ஃபார்ம்களில் 405 வந்தால், அந்த ரூட் போஸ்ட் முறையை ஏற்க அனுமதி தரவில்லை என்று பொருள். ஜாங்கோவில் 403 வந்து சிஎஸ்ஆர்எஃப் என்று சொன்னால், பெரும்பாலும் ஃபார்முக்குள் அந்த டோக்கன் வரி விட்டுப்போயிருக்கும். அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடச் சொல்லும் யோசனைகளுக்குக் காது கொடுக்காதீர்கள். வேறொரு தளம் உங்கள் பயனரின் பெயரால் கோரிக்கை அனுப்பாமல் காப்பது அதுதான்.

தமிழில் செயலி செய்பவருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. இதை ஆங்கிலப் பாடங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள். விண்டோஸில் என்கோடிங் சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால், பைத்தான் பெரும்பாலும் சிபி1252 என்ற பழைய மேற்கத்திய எழுத்துப் பட்டியலை வைத்து அதைப் படிக்கும். நம் புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. அந்தப் பட்டியலில் 8டி என்ற இடம் காலி. அதனால் கோப்பில் முதல் மெய்யெழுத்து வந்ததும் பைத்தான் ‘சார்மேப் படிக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். ‘அம்மா’ என்ற சொல்லைத் தாண்ட முடியாது. ‘கவிதா’ என்ற பெயரில் புள்ளி இல்லை. கோப்பில் அந்தப் பெயர் மட்டும் இருந்தால் எரரே வராமல், தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகளும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகமுத்திரைகளுமாகக் குப்பை கொட்டும். சில பெயர்களுக்கு எரர், சில பெயர்களுக்குக் குப்பை என்று மாறி மாறி நடப்பதன் காரணம் இதுதான். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். 3.15 பதிப்பு முதல் இதையே இயல்பாக வைப்பது என்று பைத்தான் குழு முடிவெடுத்திருக்கிறது. அதுவரை நம் புள்ளிக்கு நாமே பொறுப்பு. ஃப்ளாஸ்க் அனுப்பும் ஜேசனில் தமிழுக்குப் பதில் சாய்கோடும் எண்களுமாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். அது கெட்டுப்போகவில்லை, ஆஸ்கிக்கு மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. என்ஷூர் ஆஸ்கி என்ற அமைப்பை அணைத்தால் தமிழாகவே வரும்.

எல்லாம் சரியாகி, செயலியை வெளி சர்வரில் ஏற்றும்போது இடமே மொத்தமாக மாறுகிறது. விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காமல் கிடைத்த படங்கள் லினக்ஸில் கிடைக்காது. டிபக்கை அணைத்ததும் ஜாங்கோ ஸ்டாட்டிக் கோப்புகளைக் கொடுப்பதை நிறுத்திவிடும். பக்கம் அலங்காரம் இல்லாமல் வெறும் எழுத்தாக நிற்கும். பதற்றத்தில் பலர் டிபக்கை மறுபடி திறந்துவிட்டு, ‘வேலை செய்கிறது’ என்று போய்விடுகிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். 2015 செப்டம்பரில், படைப்பாளிகளுக்கு ரசிகர்கள் பண ஆதரவு தரும் பேட்ரியான் தளத்தின் பயனர் விவரங்கள் களவு போயின. பொதுமக்கள் பார்க்கும்படி திறந்துகிடந்த டிபக் பதிப்பின் வழியாகவே ஊடுருவல் நடந்தது என்று அந்த நிறுவனமே அறிவித்தது. ஃப்ளாஸ்க்கின் டிபக் நிலையில் வரும் வெர்க்சாய்க் டிபக்கர், எரர் பக்கத்திலேயே பைத்தான் கட்டளை ஓட்ட இடம் கொடுக்கும் கருவி. உங்கள் கணினியில் அது வரப்பிரசாதம். வெளியே திறந்தால் சர்வரின் சாவி வழிப்போக்கரிடம் போய்விடும். ஸ்டாட்டிக் கோப்புகளுக்கு வொயிட்நாய்ஸ் என்ற சிறு நிரல் இருக்கிறது. அதைச் சேர்த்தால் போதும்.

இவ்வளவும் பார்த்துத் தீராதபோது பிறரிடம் கேட்க வேண்டியதுதான், கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஆனால் திரையை ஃபோனில் படமெடுத்து அனுப்பாதீர்கள். எரர் முழுவதையும் எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். எந்த ஃபோல்டரில் நின்று எந்தக் கட்டளையை அடித்தீர்கள், எந்தப் பதிப்புப் பைத்தான், வென்வ் உள்ளேயா வெளியேயா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதி நேரம், அதை எழுதி முடிப்பதற்குள் உங்களுக்கே விடை கிடைத்துவிடும்.