பொருந்துதலும் சமமாதலும்

அரபு மொழியில் ஒன்றன்மேல் ஒன்று படிதலைக் குறிக்கும் சொற்கள் பல, 'தபக்' என்னும் சொல்லோடு ஒரே வேரினின்று கிளைத்தவை. ஏழு வானங்கள் அடுக்கடுக்காய் அமைந்தமையை அல்முல்க் அத்தியாயம் இவ்வேர்ச்சொல்லாலேயே உரைக்கின்றது. இரு உருவங்கள் முற்றும் பொருந்துவதை அரபியில் 'ததாபுக்' என்பர். நம் பாடநூல்கள் 'சர்வசமம்' என்கின்றன.

காகித உருவை வெட்டி மற்றொன்றன்மேல் வைத்துப் பார்க்கலாம். சிறுமலை அடிவாரத்தில், காந்திகிராமத்தைச் சூழ்ந்த வயல்களை அவ்வாறு தூக்கி வைக்க இயலுமோ? தந்தையின் நிலத்தை இரு ஆண்மக்கள் சரிபாதியாய்ப் பகிர்கையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.

யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் முதற் புத்தகத்து நான்காம் தேற்றத்தை, ஒரு முக்கோணத்தை மற்றதன்மேல் வைத்தே நிறுவினார். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மதர் அந்நூலை அரபியில் பெயர்த்தார். பின்னர், இணைகோடுகளை விளக்க இப்னுல் ஹைதம் கோட்டின் நகர்வைத் துணைக்கொண்டார். வடிவ கணிதத்தில் நகர்வுக்கு இடமில்லை என உமர் கய்யாம் 1077-இல் மறுத்தெழுதினார். 1899-இல் ஜெர்மானியர் ஹில்பர்ட், நகர்த்தி வைத்தலைக் கைவிட்டு, நான்காம் தேற்றத்தின் கருவையே அடிப்படைக் கோளாக வைத்தார்.

ஆகவே நகர்த்தாமலே அளந்தறியும் விதிகள் நமக்குப் போதும். மூன்று பக்கங்கள் (ப-ப-ப), இரு பக்கங்களும் இடைக்கோணமும் (ப-கோ-ப), இரு கோணங்களும் இடைப்பக்கமும் (கோ-ப-கோ) ஆகிய இவற்றுள் ஒன்று ஒத்தால் முக்கோணங்கள் சர்வசமம். செங்கோண முக்கோணங்களுக்குக் கர்ணமும் ஒரு பக்கமும் ஒத்தாலே போதும். மூன்று கோணங்கள் மட்டும் ஒத்தால் வடிவம் ஒக்கும், அளவு ஒக்கவேண்டுவதில்லை.

40 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய செவ்வக நிலத்தை மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பிரிப்போம். 30, 40, 50 மீட்டர் பக்கங்களுள்ள இரு முக்கோணங்கள் கிடைக்கும். அவை சர்வசமம், ஒவ்வொன்றும் 600 சதுர மீட்டர். செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் 60, 20 மீட்டராயுள்ள முக்கோணமும் 600 சதுர மீட்டரே. எனினும் உருவம் வேறு. சர்வசமமாயின் பரப்பு சமமாகும். பரப்பு சமமாதலால் சர்வசமம் ஆகிவிடாது.

இன்னும் ஒரு படி உண்டு. சர்வசமமான இரு பாகங்களுள் ஒன்றில் மட்டும் கிணறு இருந்தால் மதிப்பு சமமாகுமோ? ஷாஃபிஈ சட்ட நூல்கள் பங்கீட்டை மூவகையாக்கியமை இதனாலேயே: ஒத்த கூறுகளாய்ப் பிரித்தல், மதிப்பால் சமன்செய்தல் (தஃதீல்), மிகுதி பெற்றவர் ஈடு கொடுத்தல் (ரத்து). உருவம், பரப்பு, மதிப்பு ஆகிய மூன்றனுள் எது சமம் என்று தெளிந்த பின்னரே 'சரிபாதி' என்று நாம் சொல்லுதல் தகும்.