மறைப்பும் களவும்: ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் பொருள் நுட்பம்

பல ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றில் நடந்தது இது. தேர்வு எழுதும் சிறுவன் ஒருவன் பக்கத்து இருக்கைத் தாளை நோக்கிய பார்வையை ஆங்கிலப் பகுதி 'ஃபர்ட்டிவ்' என்னும் அடையால் குறித்திருந்தது. மாணவி ஒருவர் அதனைக் 'களவுப் பார்வை' என்று தமிழாக்கியிருந்தார். களவு என்பது திருட்டாயிற்றே, பார்வையில் திருட்டு ஏது என்று கருதிய நாம், சிவப்பு மையால் அதனை அடித்து 'இரகசியப் பார்வை' என்று திருத்தினோம். அத்திருத்தம் பிழை என்பதை உணர நமக்கு நெடுநாள் பிடித்தது. இக்கட்டுரை ஒருவகையில் அம்மாணவிக்கு நாம் பட்ட கடன்.

மறைவைச் சுட்டும் சொற்கள் ஆங்கிலத்தில் பல. நம் மாணவர் கையாளும் சிறு அகராதிகளோ 'இரகசியமான', 'மறைவான' என்னும் இரண்டையே அவற்றுக்கு மாற்றி மாற்றித் தருகின்றன. பொருள் வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைக் காண நாம் கேட்க வேண்டியவை மூன்று. மறைக்கப்படுவது எது? யாரிடமிருந்து மறைக்கப்படுகிறது? மறைப்பவர்மீது அச்சொல் பழி சுமத்துகிறதா?

பொதுச்சொல்லாகிய 'சீக்ரெட்' என்பதை முதலில் பார்ப்போம். அதன் இலத்தீன் வேர், பிரித்துத் தனியே வைத்தல் என்னும் பொருளது. நாம் வழங்கும் 'இரகசியம்' வடமொழியில் தனிமையையும் ஆளற்ற இடத்தையும் குறிக்கும் 'ரஹஸ்' என்பதிலிருந்து வந்தது. மலாய் மொழியின் 'ரஹ்சியா'வும் அதே சொல்லே. எனவே இவ்விரண்டும் பெரும்பாலும் பொருந்தும். பிறந்தநாள் பரிசும் இரகசியமாகலாம், போர்த்திட்டமும் இரகசியமாகலாம். சொல்லில் பழி இல்லை.

'கான்ஃபிடென்ஷியல்' அவ்வாறன்று. அதன் வேர் நம்பிக்கை. மருத்துவரிடம் நோயாளி கூறுவதும், பள்ளி ஆலோசகரிடம் மாணவர் கூறுவதும் இதற்குள் அடங்கும். ஒருவரை நம்பிச் சொல்லிவிட்டோம், அவர் பிறரிடம் சொல்லலாகாது என்பதே கருத்து. இந்த வேறுபாடு ஏட்டளவினது அன்று. மலேசியாவின் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் ஆவணங்கள் நான்கு படிகளாக வகுக்கப்படுகின்றன. மலாய் மொழியில் அவை ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சூலிட், தெர்ஹாட் என வழங்கும். 'சீக்ரெட்' இரண்டாம் படி, 'கான்ஃபிடென்ஷியல்' மூன்றாம் படி. இரண்டையும் தமிழில் 'இரகசியம்' என்று எழுதிவிட்டால் ஒரு படியே காணாமற்போய்விடும். தமிழக ஆட்சிமொழி வழக்கில் இதற்கு 'மந்தணம்' என்னும் நல்ல சொல் உண்டு. நம்மவர் அதனை இன்னும் துணிந்து எடுத்தாளவில்லை என்பது நம் குறை. மலேசிய ஆசிரியர்கள் தேர்வுத்தாளின் தலைப்பில் நாளும் காணும் 'சூலிட்', இந்தோனேசிய வழக்கில் 'கடினம்' என்று பொருள்படும். தேர்வு எழுதும் மாணவர் அப்பொருளையும் மறுக்கமாட்டார்.

இனி நாம் பிழைபட்ட இடத்துக்கு வருவோம். 'ஃபர்ட்டிவ்' என்பது திருடனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 'ஸ்டெல்த்' என்பது திருடுதலைக் குறிக்கும் ஆங்கில வினையின் உறவு; இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குத் திருட்டு என்றே பொருள் இருந்தது. 'சர்ரெப்டிஷஸ்' என்பதன் வேரும் பிறர் அறியாமல் பறித்துக்கொள்ளுதல். மூன்றும் திருட்டில் தொடங்கினும் மூன்று இடங்களில் வந்து நிற்கின்றன. முதற்சொல் கண்ணிலும் முகத்திலும் இருப்பது. அகப்பட்டுவிடுவோமோ என்னும் அச்சம் அதில் வெளிப்படும். ஆகவே மறைக்க முயன்றும் மறையாததே ஃபர்ட்டிவ் பார்வை என்று கூறலாம். இரண்டாவது நடையில் இருப்பது. இரையை நோக்கிப் புலி பதுங்கி நகர்வதில் அச்சமும் இல்லை, பழியும் இல்லை; 'பதுங்குதல்' என்னும் நம் சொல் அதற்குப் போதும். மூன்றாவது, பலர் நடுவே இருந்துகொண்டே அவர்கள் அறியாமல் ஒன்றைச் செய்தல். கூட்டத்தில் மேசைக்கு அடியில் கைப்பேசியைப் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'கமுக்கமாக' என்னும் பேச்சுவழக்குச் சொல் இதற்கு மிக நெருங்கி வரும். அதனைக் கொச்சை என்று ஒதுக்குவோர் உளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை.

அம்மாணவி திருட்டையும் பார்வையையும் இணைத்தது மொழியறிவின்பாற்பட்டதே. வள்ளுவரும் குறிப்பறிதல் அதிகாரத்தில் காதலியின் கள்ளப் பார்வையைப் பேசுகிறார். தொல்காப்பியர் ஓர் இயலுக்கே 'களவியல்' என்று பெயர் வைத்தார். அங்கே களவு என்பது பிறர் பொருளைக் கவர்தல் அன்று. தலைவனும் தலைவியும் பெற்றோரும் ஊரும் அறியாமல் கொள்ளும் காதல் ஒழுக்கம் அது. தோழி அறிவாள், தாய் அறியாள். யார் அறிய உரிமை உடையவரோ அவரிடமிருந்து மறைப்பதே களவு என்று இதனால் விளங்கும்.

இந்த விளக்கம் 'கிளாண்டெஸ்டின்' என்னும் சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது. ஐரோப்பியத் திருமண வரலாற்றில் இச்சொல்லுக்குத் தனி இடம் உண்டு. தேவாலயத்தில் முன்னறிவிப்புச் செய்யாமலும் உரிய அனுமதி பெறாமலும் நடந்த மணங்களை இப்பெயரால் குறித்தனர். கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் திரெந்து பொதுச்சங்கத்தில் அவற்றுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து நாடாளுமன்றம் அவற்றைத் தடுக்கவே 1753இல் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் எட்டாத ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீன் சிற்றூருக்கு இளங்காதலர் ஓடியது தனிக்கதை. அம்மணங்களில் சாட்சிகள் இருந்ததும் உண்டு, விருந்து நடந்ததும் உண்டு. ஆனால் தடுக்க உரிமை உடையவர்க்கு மட்டும் அவை தெரியாது. இதனைத் 'திருட்டுக் கல்யாணம்' என்று மொழிபெயர்த்தால் ஏளனம் கலந்துவிடும். 'இரகசியத் திருமணம்' என்றாலோ யாரிடமிருந்து மறைத்தனர் என்பது தெரியாது. 'களவு மணம்' என்பதே நம் பரிந்துரை.

'கவர்ட்' என்பது மேற்கண்டதோடு பெரிதும் குழப்பப்படும் சொல். அதன் வேர் மூடுதல். பழைய ஆங்கிலச் சட்டம் மணமான பெண்ணை 'மூடப்பட்ட பெண்' என்னும் பொருள்பட இச்சொல்லால் குறித்தது. பெண் எல்லார் கண்முன்னும் நின்றாள். ஆயினும் சட்டத்தின் கண்ணுக்குக் கணவனே தெரிந்தான். இக்காலப் படைத்துறைக் கலைச்சொல்லிலும் இதே நுட்பம் தொடர்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கலைச்சொல் அகராதி, செயலையே மறைப்பது கிளாண்டெஸ்டின் என்றும், செயலுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதை மறைப்பது கவர்ட் என்றும் பிரிக்கிறது. 1961 ஏப்ரலில் கியூப விமானப்படையின் சின்னம் தீட்டிய விமானங்கள் கியூபாவிலேயே குண்டு வீசின. குண்டு விழுந்ததை உலகமே கண்டது. அனுப்பியவர் வாஷிங்டனில் இருந்தனர் என்பதுதான் மூடப்பட்டிருந்தது.

நம் கடற்கரையிலேயே இதற்கு இன்னும் தெளிவான சான்று உண்டு. 1943 செப்டம்பரில், ஜப்பானிய ஆட்சியில் இருந்த சிங்கப்பூர்த் துறைமுகத்தை நோக்கி ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு புறப்பட்டது. அதில் நேச நாட்டு வீரர் 14 பேர். படகு முன்பு ஜப்பானியருடையது. அதற்குக் 'கிரைட்' என்று புதுப்பெயர் சூட்டியிருந்தனர். நாம் கட்டுவிரியன் என்று கூறும் பாம்பின் ஆங்கிலப் பெயர் அது. வீரர்கள் மேனியில் சாயம் பூசி, ஜப்பானியக் கொடியைப் பறக்கவிட்டு வந்தனர். இது மாறுவேடம். அறுவர் மூன்று மடக்குப் படகுகளில் இரவில் துடுப்பிட்டு உள்ளே நுழைந்தனர். இது பதுங்கல். 26ஆம் நாள் இரவு கப்பல்களின் அடிப்புறத்தில் காந்த வெடிகளை ஒட்டிவிட்டு வெளியேறினர். அந்நேரம்வரை செயலே மறைவு, அதாவது கிளாண்டெஸ்டின். விடியற்காலையில் வெடித்த பின் செயல் ஊரறிந்ததாயிற்று. செய்தவர் யார் என்பது மட்டும் மறைந்திருந்தது. அந்த நொடியில் அது கவர்ட் ஆகிவிட்டது. பதினால்வரும் உயிருடன் ஆஸ்திரேலியா திரும்பினர். அதே முறையை மீண்டும் பயன்படுத்தக் கருதிய நேச நாடுகள் வாய் திறக்கவில்லை.

எதிரி வெளியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று கெம்பித்தாய் எண்ணவில்லை. உள்ளூரிலும் சாங்கிச் சிறையிலும் இருந்தோரே சதி செய்தனர் என்று கருதி அக்டோபர் 10 அன்று கைது நடவடிக்கையைத் தொடங்கியது. 57 பேர் பிடிபட்டனர்; சித்திரவதையால் 15 பேர் மாண்டனர். அவர்களுக்கும் அவ்வெடிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மாணவர்க்கு இவ்வரலாற்றைத் தமிழில் கற்பிக்கும்போது முழுவதையும் 'இரகசியத் தாக்குதல்' என்று ஒரே சொல்லால் கடந்துவிட்டால், குற்றமற்றவர்மேல் ஐயம் ஏன் விழுந்தது என்பதை விளக்க முடியாது. தாக்குதல் இரகசியமாக இருக்கவில்லை, தாக்கியவரே இரகசியமாக இருந்தனர்.

இறுதியாக, நீதிமன்றத்துக்கு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 443ஆம் பிரிவு, ஒளிந்து வீடு புகும் குற்றத்தை வரையறுக்கிறது. அத்துமீறி நுழைந்ததோடு, வெளியேற்றும் உரிமை உடையவர் அறியாதபடி மறைக்க முன்னேற்பாடு செய்திருந்தால்தான் அக்குற்றம் ஆகும். தமிழ் பேசும் ஒருவர் 'சத்தம் போடாமல் உள்ளே போனேன்' என்று வாக்குமூலம் அளிக்கிறார் என்று கொள்வோம். உறங்கும் குழந்தையை எழுப்பாதிருக்க அவர் அவ்வாறு சென்றிருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் அதனை ஆங்கிலத்தில் 'குவையட்லி' என்றால் ஓசை இல்லை என்பது மட்டுமே பதிவாகும். 'ஸ்டெல்தி' என்னும் சொல்லைப் பயன்படுத்தினால், சொன்னவர் வாயில் இல்லாத உள்நோக்கம் பதிவேட்டில் ஏறிவிடும். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இவ்வொரு தொடரை மட்டும் மாணவரிடம் கொடுத்து, அருகில் நின்று என்ன கேள்விகள் கேட்கிறார்கள் என்று பாருங்கள். யார் வீடு, எந்த நேரம், உள்ளே யார் இருந்தனர் என்று கேட்ட பின்பு எழுதுகோலை எடுக்கும் மாணவருக்கு நாம் முழு மதிப்பெண் தருவோம்.