கல்வெட்டுக்கும் கல்வெட்டுக்கும் நடுவே

நான் இலக்கிய விமர்சகன் அல்லன். பொறியியலில் முதுகலை முடித்து, மார்க்கத்தில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு நாவல் எழுதவேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மாவின் கையைப் பிடித்து நடந்த ஐந்து வயதுப் பையன் நான். அப்பப்பா மட்டும் வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அடுத்த வருடம் நாங்கள் திரும்பியபோது முன்கதவு பூட்டியிருந்தது. திறப்பு வழமைபோலச் செவ்வரத்தைப் பூச்சாடிக்குக் கீழே இருந்தது. அவரைத்தான் காணவில்லை.

இதைக் கதையாக்க, தொழில் புத்தியோடு ஒரு கற்பனைக் கிராமத்தை வடிவமைத்தேன். வரைபடம் கீறினேன். நாற்பது பாத்திரங்களுக்கு வயது, உறவு, தொழில் எல்லாம் அட்டவணை போட்டேன். கதை மட்டும் நகரவில்லை. அப்பொழுதுதான் 'பொன்னியின் செல்வ'னை மறுபடி எடுத்தேன். இம்முறை, கல்கி அந்த உலகத்தை எப்படிக் கட்டினார் என்று பார்ப்பதற்காக.

1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வந்த அந்தத் தொடருக்குக் கிடைத்த உறுதியான ஆதாரங்கள் சொற்பமே. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக இரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிடுகிறது. ஏன் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அரியணையை அருள்மொழி தன் சிற்றப்பா உத்தம சோழருக்கு விட்டுக்கொடுத்தார் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டு காட்டுகிறது. அதற்குமேல் அவரைப்பற்றி அதிகம் தெரியாது.

இவை அடித்து இறுக்கிய முளைகள். கல்கி அவற்றைப் பிடுங்கவில்லை. நடுவே கயிறு கட்டினார். 'ஏன் கொன்றார்கள்' என்ற இடைவெளியில் நந்தினி பிறந்தாள். வந்தியத்தேவனைப்பற்றி அதிகம் தெரியாததால் அவனை எங்கும் அனுப்ப முடிந்தது. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வரும் அந்த வாலிபன் சோழ நாட்டுக்குப் புதியவன், கையில் சேர்க்கவேண்டிய ஓலைகள் இருக்கின்றன. அவன் விசாரித்து அறிவதையெல்லாம் நாமும் அறிகிறோம். நாட்டை விவரிக்கத் தனி அத்தியாயம் தேவைப்படவில்லை.

மிகத் துணிச்சலான வேலை உத்தம சோழர் விஷயத்தில் நடக்கிறது. உத்தமர் முடிசூடியதை மாற்ற முடியாது. ஆகவே முடிசூடும் உத்தமர் யார் என்பதையே கல்கி மாற்றிவிடுகிறார். பூக்கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன் அரியணை ஏறுகிறான், வரலாறும் பிழைக்கவில்லை.

'பொன்னியின் செல்வன்' முடிந்த அதே 1954இல்தான் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் வெளிவந்தது. அவருக்குக் கல்வெட்டு இல்லை. வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு, கதையை அதற்குப் பொருத்தினார். தூரமும் மலையும் அவருடைய முளைகள். இருவருக்கும் பொதுவானது ஒன்று: தாம் நினைத்தபடி மாற்றமுடியாத சிலவற்றை வைத்துக்கொண்டார்கள். என் கிராமத்தில் எதையும் எந்நேரமும் மாற்றலாம். அதனால்தான் அங்கே எதுவும் நடக்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். கடம்பூர் மாளிகையின் இருட்டில் கரிகாலன் விழுகிறான். யார் கை கொன்றது என்பதை, அத்தனை பக்கம் எழுதிய கல்கி, கடைசிவரை தீர்த்துச் சொல்லவில்லை. எல்லா இடைவெளியையும் நிரப்பவேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது.

அட்டவணையை அழித்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டவை மூன்று: அந்த இரவு, பூட்டிய கதவு, பூச்சாடிக்கடியில் திறப்பு. இப்பொழுது என் கதையில் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தபால்காரர், அப்பப்பாவுக்கு வந்த கடிதத்தோடு வீட்டு வாசலில் நிற்கிறார். நாற்பது பக்கம் வந்துவிட்டது. கதவைப் பூட்டியவர் எங்கே போனார் என்பதை மட்டும் நான் எழுதப்போவதில்லை. அவர் என் அப்பப்பா; அதைக் கற்பனை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி இரண்டு மூன்று முளைகள் இருக்கும். கதை பிறகு எழுதிக்கொள்ளலாம். முளைகளை இப்பொழுதே கேட்டுக் குறித்து வையுங்கள்.