மூலத்திலிருந்து ஒரு கணினி – 6: ஊர் எது, மொழி எது?

சென்ற வாரம் ஜென்டூ லினக்ஸின் ஸ்டேஜ் 3 என்ற அடிப்படைத் தொகுப்பை வன்தட்டில் அவிழ்த்து, சிஎச்ரூட் கட்டளை போட்டு அதற்குள் நுழைந்திருந்தோம். திரையில் இன்னும் கறுப்புப் பின்னணியும் வெள்ளை எழுத்தும்தான். "உபுண்டு போட்டிருந்தா இந்நேரம் படம் பார்த்துக்கிட்டு இருக்கலாம் அண்ணே" என்றார், சித்தியவானில் என்னோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யும் பாலிடெக்னிக் மாணவர். உண்மைதான். அதில் நான்கு முறை சுட்டியைத் தட்டினால் முடியும் காரியத்தை ஜென்டூவில் நாம் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காகச் சுருக்கமாக: டேனியல் ராபின்ஸ் முதலில் ஈனாக் என்ற பெயரில் ஒரு லினக்ஸைத் தொடங்கினார். நடுவில் ஃப்ரீபிஎஸ்டி பக்கம் போய், அங்கிருந்த போர்ட்ஸ் முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு திரும்பினார். 2002 மார்ச் 31 அன்று ஜென்டூ 1.0 வந்தது. மற்ற லினக்ஸ்களில் செயலிகள் சமைத்த நிலையில் வந்து இறங்கும். இங்கே வருவது மூலநிரல். அதை நம் கணினியே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். உங்கள் சிப்புக்கென்றே கம்பைல் செய்தால் வேகம் பறக்கும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அதை நம்பி யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அன்றாடப் பயன்பாட்டில் அந்த வித்தியாசம் பெரிதாகக் கண்ணில் படாது.

கம்பைல் செய்யும்போது ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்று மேக்ஆப்ட்ஸ் வரியில் எழுதுகிறோம். சிப்பில் எட்டு திரெட் இருக்கிறதே என்று புதியவர்கள் எட்டு என்று போட்டுவிடுவார்கள். ஒரு வேலைக்கு 2 ஜிபி நினைவகம் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது ஜென்டூ கையேடு. எங்களிடம் இருப்பது 8 ஜிபி, ஆகவே நான்கு. மீறினால் பெரிய நிரல் ஒன்றின் நடுவே நினைவகம் தீர்ந்து கம்பைலர் செத்துவிழும். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ரஸ்ட் போன்ற மலைகளை ஆயத்த வடிவிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் கடைசியிலிருந்து ஜென்டூவே பெருமளவில் ஆயத்தத் தொகுப்புகளைத் தருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. மதிய வெயிலில் மடிக்கணினி கொதித்து, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாயங்காலம் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டியிருக்கும். அதனால் பெரிய கம்பைல் எல்லாம் இரவில்தான். நடுவே நின்றுபோனால், தொகுப்புகளை நிறுவும் எமர்ஜ் கட்டளையை ரெசியூம் என்ற விருப்பத்தோடு ஓட்டலாம். முடிந்த தொகுப்புகளை விட்டுவிட்டு, பாதியில் நின்றதை மட்டும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இனி இந்த வாரத்து வேலை. கையேட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்விகள்: நேரமண்டலம் எது, லோக்கேல் எது? அதாவது நீ எந்த ஊர், உன் மொழி என்ன?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. ஆசியா, கோலாலம்பூர். ஆனால் அவசரப்பட்டு நகராமல் ஸீடம்ப் என்ற கட்டளையால் அந்த நேரமண்டலக் கோப்பைத் திறந்து பாருங்கள். நாட்டின் வரலாறு வரிவரியாக ஓடுகிறது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணி, ஒரே தாவலில் நள்ளிரவு 12 ஆகிறது. தீபகற்பத்தின் நேரத்தை சபா, சரவாக்கோடு ஒன்றாக்கிய இரவு அது. இன்னும் மேலே போனால் 1942 பிப்ரவரி. கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே பாய்ந்து தோக்கியோ நேரத்துக்குப் போகிறது. 1945 செப்டம்பரில்தான் திரும்புகிறது. தோட்டத்துப் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொன்ன அந்த மூன்றரை ஆண்டு, உலகத்தில் ஓடும் லினக்ஸ் கணினிகளுக்குள் இரண்டு வரியாக உட்கார்ந்திருக்கிறது. யாரோ தன்னார்வலர்கள் பழைய சட்டங்களையும் ஆவணங்களையும் தேடிச் சேர்த்தது. மாணவர் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது கேள்வியில்தான் இடறுகிறது. ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் தரும் லோக்கேல் பட்டியலில் தமிழுக்கு இரண்டே வரிகள்: தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை. மலேசியாவுக்கு மலாய் இருக்கிறது. மாணவர் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். "என்னண்ணே, நம்மளைக் காணோமே?"

இத்தனைக்கும் கணினித் தமிழுக்கு இந்த நாடு புதிதல்ல. முத்து நெடுமாறன் இங்கிருந்துதான் முரசு மென்பொருளை 1985-இல் உருவாக்கினார். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. யூனிகோடு அமைப்பின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பில் மலேசியத் தமிழ் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. ஜிலிப்சியில் மட்டும் இல்லை. யாரும் தடுத்ததாக நினைக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு லோக்கேல் சேர வேண்டுமானால் ஒருவர் அதை எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் என்ன குறை? மாதப் பெயர், கிழமைப் பெயர் எல்லாம் சரியாக வரும். பணம் என்று வரும்போது ரிங்கிட்டுக்குப் பதில் ரூபாய்க் குறி. நூறாயிரம் என்பது 1,00,000 என்று விழும். தொலைபேசி முன்னெண் 60 இருக்க வேண்டிய இடத்தில் 91. "நாமளும் ஒரு லட்சம்னுதானே சொல்றோம்?" என்று கேட்டார் மாணவர். சொல்கிறோம். ஆனால் ரசீதில் 100,000 என்றுதான் எழுதுகிறோம். வாய் ஒரு கணக்கு, கை ஒரு கணக்கு.

சுலபமான வழி, மொழிக்குத் தமிழ் இந்தியா, பணத்துக்கு மட்டும் மலாய் மலேசியா என்று பிரித்துக் கொடுப்பது. லோக்கேல் பட்டியலில் இரண்டையும் சேர்த்து, லோக்கேல்-ஜென் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே தாராளம்.

நாங்கள் இன்னும் கொஞ்சம் போனோம். லோக்கேல் என்பது படிக்கக்கூடிய சாதாரண உரைக்கோப்புதான். தமிழ் இந்தியா கோப்பை நகலெடுத்து மலேசியாவின் குறியீட்டோடு பெயரிட்டோம். பணத்துக்கான பகுதி முழுவதையும் அழித்து, 'மலாய் மலேசியாவிலிருந்து எடுத்துக்கொள்' என்று ஒரே வரி. தொலைபேசிப் பகுதிக்கும் அப்படியே. முகவரிப் பகுதியில் மட்டும் கவனம் வேண்டும். நாட்டின் பெயரோடு மொழியின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. மொத்தமாக நகல் எடுத்தால் நம் மொழி மலாய் என்று பதிவாகிவிடும். ஆகவே நாட்டைக் குறிக்கும் வரிகளை மட்டும் கையால் மாற்றினோம். பிறகு லோக்கேல்டெஃப் என்ற கட்டளை அதைக் கம்பைல் செய்தது. இடைமுக மொழிபெயர்ப்புகளைப் பற்றிக் கவலையில்லை. மலேசியத் தமிழுக்கென்று தனியாக இல்லாவிட்டால் கணினி பொதுத் தமிழுக்குப் போய் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இதை இப்போது கண்ணால் பார்க்க முடியாது. லினக்ஸின் எழுத்துத் திரையில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களுக்குத்தான் இடம். 'கொ' என்று எழுதக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைக்க அதற்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் நூலகம் வரைகலைத் திரையோடுதான் வரும். அதுவரை நிறுவலை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் அந்தக் கோப்பை ஜிலிப்சிக்காரர்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார். அதில் வாரத்தின் முதல் நாளாக எழுத வேண்டியது ஞாயிறா திங்களா என்று தன் அக்காளைக் கேட்டு முடிவு செய்யப் போகிறாராம். நடக்கட்டும். அடுத்த வாரம் கெர்னல்.