பெருங்குடல் புற்றுநோய்: யாருக்கு எந்தச் சோதனை?



மலத்தோடு இரத்தம் போனால் நம் தோட்டங்களில் முதலில் சொல்வது "உடம்புச் சூடு"; அடுத்தது "மூலம்". ஊறவைத்த வெந்தயத்தை விழுங்கிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். மூலமாகவும் இருக்கலாம். ஆனால், பெருங்குடல் புற்றுநோயும் அப்படித்தான் இரத்தம் காட்டும். மலேசிய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே.

இந்நோய் திடீரென்று வருவதன்று. குடலின் உட்சுவரில் 'பொலிப்' என்னும் சிறு சதை வளர்ச்சி முதலில் தோன்றும். எல்லாப் பொலிப்பும் புற்றாவதில்லை. ஆகிறவற்றுக்கும் பெரும்பாலும் 10 ஆண்டுகள் போலப் பிடிக்கும். அதுவரை வலி இராது. அந்த இடைவெளியில் கண்டுபிடிக்கத்தான் சோதனைகள்.

எளியது மலச் சோதனை. எந்தத் தொல்லையும் இல்லாத 50 முதல் 75 வயது வரையிலானவர்களுக்கு அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் இதைச் செய்கிறார்கள். கொடுக்கும் சிறு புட்டியில் கொஞ்சம் மலம் எடுத்துத் தந்தால் போதும். கழிவறைத் தண்ணீர் படாதபடி பழைய தாளை விரித்து எடுக்கலாம். பழைய முறையில் இறைச்சியைச் சில நாள் நிறுத்த வேண்டும். இப்போதைய சோதனை மனித இரத்தத்தை மட்டுமே கண்டறிவதால் பத்தியமில்லை. பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுத்துவிட்டு மலத்தைப் பார்க்கத் தயங்காத தாய்மார்கள், இதற்கு மட்டும் வெட்கப்படுவது எனக்கு விளங்கவில்லை.

இதில் ஒரு குறை உண்டு. பொலிப்பிலிருந்து எப்போதும் இரத்தம் கசிவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் செய்ய வேண்டும். இரத்தம் இருப்பதாகத் தெரிந்தால் புற்றுநோய்தான் என்று பொருளில்லை. ஆனால் கோலனோஸ்கோப்பி செய்தே தீர வேண்டும். அங்கே பயந்து நின்றுவிட்டால் முதற் சோதனை வீண்.

கோலனோஸ்கோப்பி என்பது, கேமரா பொருத்திய வளையும் குழாயை மலவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. பொலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம். முதல் நாளே பேதி மருந்து குடிக்க வேண்டும். மயக்க மருந்து தருவதால் துணைக்கு ஒருவர் வேண்டும். குடலில் துளை விழுவதும் உண்டு, மிக அரிதாக. குடல் சுத்தமாக இருந்தால் வழக்கமாக 10 ஆண்டுக்குப் பிறகு செய்தால் போதும். ஸ்கேன் எடுத்தும் பார்க்கலாம். பொலிப்பை அதனால் அகற்ற முடியாது.

குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் இல்லையென்றால் மலச் சோதனையே நமக்கு ஏற்றது என்பேன். கண்ணுக்கு இரத்தம் தெரிகிறவர், காரணமின்றி மெலிகிறவர், மலம் போகும் வழக்கம் மாறியவர் ஆகியோருக்கு அது போதாது. நேரே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர் எவருக்காவது இந்நோய் வந்திருந்தால் 50 வயதுவரை காத்திருக்கக்கூடாது. அவர்களுக்கு எந்த வயதில் கண்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.