பிடித்த மீனைக் கடலுக்கே கொடுக்கும் விடுமுறை

தூண்டில் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, மணிக்கணக்குக்குக் காசு கட்டி உட்காரும் மீன் குளமும் இறால் குளமும்தான். சிக்கியதை அங்கேயே சுட்டுச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம்.

இதற்கு நேர்மாறான மீன்பிடிப்பும் உண்டு. முழங்கால் அளவுத் தண்ணீரில் நாள் முழுவதும் நடந்து, ஒரு மீனைக் கண்ணால் கண்டுபிடித்து, தூண்டிலில் சிக்கியதும் உடனே கடலில் விட்டுவிடுவது. ‘ஃபிளை ஃபிஷிங்’ எனப்படும் இந்தக் கலைக்காக ஆர்வலர்கள் தேடிப் போகும் வெப்பக் கடற்கரைகளில் ஒன்று, இந்தியப் பெருங்கடலில் உள்ள கொக்கோஸ் (கீலிங்) தீவுகள்.

நமக்கு அந்நியமில்லாத தீவு

மொத்தம் 27 சிறு பவளத்தீவுகள். மக்கள் வசிப்பது இரண்டில்தான். சுமார் 600 பேர். இன்று ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான இத்தீவுகள், 1955 வரை சிங்கப்பூரின் நிர்வாகத்தில் இருந்தன. ஹோம் ஐலண்டில் வாழ்பவர்கள் கொக்கோஸ் மலாய்க்காரர்கள். தென்னந்தோப்புகளில் வேலை செய்ய 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவர்களின் உறவினர் பலர் சபாவில் குடியேறினார்கள். வெண்மணல் கடற்கரைக்குப் பெயர்பெற்ற டைரெக்‌ஷன் ஐலண்டின் மலாய்ப் பெயர் பூலு தீக்குஸ். பினாங்கு வாசகர்களுக்குக் கேட்ட பெயராக இருக்கும்!

தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசி, அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்தைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘எம்டன்’, அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி ஆஸ்திரேலியக் கப்பலிடம் தோற்றுத் தரைதட்டியது இங்குள்ள வடக்குக் கீலிங் தீவில்தான். ‘சரியான எம்டன்’ என்று கெட்டிக்காரர்களைச் சொல்லும் வழக்கம் அந்தக் கப்பலால் வந்தது.

கண்தான் முதல் தூண்டில்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். ஃபிளை ஃபிஷிங்கில் நரம்புக்கே கனம் உண்டு. முள்ளில் இருப்பது இறகு, நூல், மினுக்கு இழை ஆகியவற்றைக் கட்டிச் செய்த, எடை மிகக் குறைந்த பொய் இரை. ஆற்றில் அது பூச்சியைப் போலிருக்கும். இங்கே குட்டி இறாலையோ நண்டையோ போலிருக்கும்.

தேடுவது போன்ஃபிஷ் என்ற வெள்ளி நிற மீனை. வற்றத்தில் வெளியே தெரியும் மணல்திட்டுகளில் ஓதம் ஏறும்போது, நண்டும் இறாலும் தின்ன அது மேலே வரும். மணலின் நிறத்தோடு கலந்துவிடுவதால் மீனைவிட அதன் நிழல்தான் முதலில் கண்ணில் படும். சில சமயம் தலையை மணலில் புதைத்துக்கொண்டு வாலை மட்டும் தண்ணீருக்கு வெளியே ஆட்டும்.

இரையை மீனின் தலைமேல் போட்டால் மிரண்டு ஓடிவிடும். அது போகும் திசையில், சற்று முன்னால் விழ வேண்டும். பிறகு நரம்பைக் கையால் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். கடித்ததும் பழக்கதோஷத்தில் கோலைத் தூக்கினால் மீன் போய்விடும். நரம்பை இழுத்துத்தான் முள்ளை மாட்ட வேண்டும். அடுத்த சில விநாடிகளில் ரீல் அலறும். நூறு மீட்டர் நரம்பைக்கூட அது உருவிக்கொண்டு ஓடக்கூடும்.

யாருடைய மீன்?

விட்டுவிடத்தான் பிடிக்கிறோம் என்றால், அதை ஏன் துன்புறுத்த வேண்டும்? நியாயமான கேள்வி. உணவுக்காக மீன் பிடிக்கும் ஹோம் ஐலண்ட் குடும்பங்களுக்கு இது இன்னும் விநோதமாகத் தெரியலாம். காய்கறி விமானத்திலும் சரக்கு கப்பலிலும் வரவேண்டிய ஊரில், கடல்தான் அவர்களின் சமையற்கட்டு.

விட்டாலே மீன் பிழைத்துவிடும் என்பதும் இல்லை. நெடுநேரம் போராடிக் களைத்த மீனைப் படத்துக்காகத் தூக்கிப் பிடித்துவிட்டு விட்டால், அருகில் திரியும் சுறாவுக்கு அது சுலபமான இரை. அதனால்தான் கொக்கி இல்லாத முள், விரைவாகக் கரைசேர்ப்பது, ஈரக்கை, மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுப்பது என்று விதிகள். இவற்றுக்குப் பொறுமை இல்லாதவர் அந்தக் கடலில் கோல் பிடிக்காமல் இருப்பதே நல்லது. விருந்தாளி, வீட்டுக்காரரின் சமையற்கட்டை வீணாக்கக்கூடாது.

போக நினைப்பவர்களுக்கு

• சிங்கப்பூரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர்தான். ஆனால் வழக்கமான பயணம் பெர்த் வழியாகத்தான். அங்கிருந்து மேலும் 2,900 கிலோமீட்டருக்கு மேல். ஆஸ்திரேலிய விசா தேவை.

• ஆண்டு முழுவதும் வெப்பம் 23 முதல் 30 டிகிரி வரை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். மற்ற மாதங்களில் காற்று பலமாக இருக்கும். வீசிப் பழகாதவர்களுக்குச் சிரமம்.

• 9 அடி நீளமுள்ள, 8ஆம் எண் கோல் போதும். பொலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் போனால் மீன் கண்ணில் படாது.

• திருக்கை மீன்கள் மணலில் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். பவளத்தை மிதிக்காதீர்கள்.

• ஹோம் ஐலண்ட் முஸ்லிம் கிராமம். உடையில் கண்ணியம் தேவை. சலாம் சொல்லி நாலு வார்த்தை மலாயில் பேசினால், எந்த ஓதத்தில் எந்தத் திட்டுக்கு மீன் வரும் என்பதும் தெரியவரலாம். அது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்காது.